கிருமியைக் கொடுத்தவருக்கு மருந்து இல்லையா?
பெருந்தொற்றுக்கு ஆயத்தமான இந்தோனேசியாவின் அனுபவம்

வட சுமாத்திராவின் கரோ மலைநாட்டில், கபன்ஜாஹே பட்டினத்துக்கு அண்மையில், குபு சிம்பெலாங் என்றொரு கிராமம் உண்டு. தோடம்பழமும் மிளகாயும் மரக்கறியும் விளையும் குளிர்ந்த மேட்டுநிலம் அது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அக்கிராமத்துக் குடும்பமொன்று விருந்துக்காக ஒன்றுகூடியது. சந்தையில் வியாபாரம் செய்துவந்த 37 வயதுப் பெண்ணொருவர் அவ்வேளையில் காய்ச்சலும் கடும் இருமலுமாக இருந்தார். உறவினர் சிலர் அன்றிரவு அவருடன் ஒரே சிறிய அறையில் படுத்துறங்கினர். மே 4ஆம் திகதி அப்பெண் இறந்தார். எவரும் எதனையும் சந்தேகிக்கவில்லை. மாதிரி எதுவும் எடுக்கப்படாமலே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மூன்று வாரங்களுக்குள் அதே குடும்பத்தில் மேலும் ஏழு பேர் நோயுற்றனர். அவரது பிள்ளைகள், சகோதரி, சகோதரியின் குழந்தை, சகோதரனின் பத்து வயது மகன், அச்சிறுவனை அருகிருந்து பராமரித்த தந்தை என ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். எட்டுப் பேரில் உயிர் தப்பியவர் ஒருவர் மட்டுமே. சோதனையில் வெளிப்பட்ட கிருமியின் பெயர் எச்5என்1. பறவைக் காய்ச்சல் எனப் பத்திரிகைகள் அழைத்த அதே கிருமி, ஒரு மனிதரிலிருந்து இன்னொருவருக்கும், அவரிலிருந்து மூன்றாமவருக்கும் தாவியிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வாளர்கள் அத்தகைய தொடரை அதற்கு முன் கண்டதில்லை. குடும்பத்தில் எஞ்சியோரும் நெருங்கிப் பழகியோருமாக 54 பேர் அவரவர் வீடுகளில் தங்கவைக்கப்பட்டு, மாத்திரை கொடுக்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். தொற்று அவ்வளவில் நின்றுவிட்டது.

அது நின்றிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதே, அவ்வாண்டுகளில் இந்தோனேசிய அரசின் முன் நின்ற கேள்வியாகும். நோயாளர்கள் கொண்டுசெல்லப்பட்ட மேடான் நகரம் எமது வாசகர்களுக்கு முற்றிலும் புதிய பெயரன்று. டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் சந்ததியினர் இன்றும் வாழும் நகரம் அது. அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட, செல்வம் மிகுதியில்லாத ஒரு நாடு, வருமா வராதா என்று எவரும் உறுதிகூற முடியாத ஒரு பெருந்தொற்றுக்காக எவ்வாறு தன்னை ஆயத்தப்படுத்தியது, அந்த ஆயத்தத்திலிருந்து எஞ்சியது யாது என்பதையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

முற்றத்துக் கோழியும் ஜகார்த்தாவின் கட்டளையும்

எச்5என்1 மனிதரைத் தாக்க வல்லது என்பது 1997இல் ஹொங்கொங்கில் வெளிப்பட்டது. 18 பேர் நோயுற்று, அவர்களில் ஆறு பேர் மாண்டனர். ஏறத்தாழ 15 இலட்சம் கோழிகளைச் சில நாட்களில் கொன்று அந்நகரம் தொற்றை அடக்கிற்று. ஹொங்கொங் சிறியது, பணம் படைத்தது, ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குவது. இந்தோனேசியாவுக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை.

2003இன் நடுப்பகுதியிலேயே ஜாவாவின் கோழிப்பண்ணைகளில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆயினும் அது பறவைக் காய்ச்சலே என அரசு ஒப்புக்கொண்டது 2004இன் தொடக்கத்தில்தான். பண்ணை முதலாளிகளின் வியாபாரம் கெட்டுவிடும் என்ற அச்சமே இத்தாமதத்துக்குக் காரணம் எனப் பலர் அன்று குற்றஞ்சாட்டினர். அந்த மாதங்களில் கிருமி தீவுகள் தோறும் பரவிவிட்டது. 2005 ஜூலையில் ஜகார்த்தாவை அடுத்த தங்கெராங்கில் ஒரு தந்தையும் அவரது இரு பெண் குழந்தைகளும் மாண்டபோதுதான், நோய் மனிதரையும் எட்டிவிட்டது என்பதை நாடு உணர்ந்தது.

எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடலாமே எனத் தூர இருந்து கூறுவது எளிது. இந்தோனேசியாவில் ஏறத்தாழ மூன்று கோடி வீடுகளில் கோழி வளர்க்கப்படுவதாக அன்று மதிப்பிடப்பட்டது. இது பண்ணைக் கோழியன்று. முற்றத்தில் மேய்ந்து, மாலையில் மரக்கிளையில் ஏறி உறங்கும் கோழி. எமது ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடக் காசுக்கும், திடீரென வந்த விருந்தாளிக்கும், நோயுற்ற பிள்ளையின் இரசத்துக்கும் உதவுவது முற்றத்துக் கோழியே. ஏழைப் பெண்ணின் கையிருப்புப் பணம் அது. அக்கோழியைப் பிடித்துக் கொல்வதற்கு அரசு கொடுக்க முன்வந்த நட்டஈடு சுமார் 10,000 ரூபியா, அதாவது ஒரு அமெரிக்க டாலரளவு. அதுவும் உடனே கைக்கு வருவதில்லை. சேவல்களுக்கும் பாடும் பறவைகளுக்கும் அதனிலும் பன்மடங்கு விலை உண்டு. அவற்றை ஒளித்து வைத்தவர்களைக் குறைகூற எம்மால் இயலவில்லை.

அத்துடன் கோழி சாவது கிராமத்தில் ஒரு செய்தியுமன்று. மழைக்காலம் தோறும் கோழிக் கழிச்சல் வந்து முற்றத்தைக் காலிசெய்யும். இந்தோனேசியர் அதனைத் 'தெதெலோ' என்பர். இம்முறை வந்ததும் தெதெலோ என்றே பலர் எண்ணினர். சாகும் தறுவாயிலிருந்த கோழியை அறுத்துச் சமைத்தனர். குபு சிம்பெலாங்கில் முதலில் மாண்ட பெண்ணும் தோட்டத்துக்குக் கோழி எருவைப் பயன்படுத்தியவரே.

நிர்வாகத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. 1998இல் சுகார்த்தோவின் ஆட்சி வீழ்ந்தபின், ஜகார்த்தாவில் குவிந்திருந்த அதிகாரம் 2001 முதல் நாடெங்குமுள்ள நானூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சனநாயகத்தை விரும்பும் எவரும் வரவேற்கத்தக்க மாற்றம் அது. மத்தியில் குவிந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதை அனுபவித்தறிந்த நாம் அதனைக் குறைசொல்லப் போவதில்லை. எனினும் கால்நடை வைத்தியர் இப்போது மாவட்டத் தலைவரின் ஊழியராகிவிட்டார். கோழிகளைக் கொல்லுமாறு ஜகார்த்தாவின் அமைச்சர் கட்டளையிட்டால், அதற்குப் பணம் எங்கே என மாவட்டத் தலைவர் திருப்பிக் கேட்கலாம். கேட்டார்கள்.

இச்சூழலில்தான் ஆயத்தங்கள் தொடங்கின. 2005 டிசம்பரில் தேசியத் திட்டமொன்று வெளியிடப்பட்டது. 2006 மார்ச்சில், சனாதிபதி சுசிலோ பம்பாங் யுதோயோனோவின் ஆணைப்படி, பறவைக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தவும் பெருந்தொற்றுக்கு ஆயத்தஞ் செய்யவும் ஒரு தேசிய ஆணைக்குழு நிறுவப்பட்டது. விவசாயம், சுகாதாரம் முதலிய அமைச்சுக்களை ஒரே மேசையில் அமர்த்துவதே அதன் பணி. நாடெங்கும் 44 வைத்தியசாலைகள் இந்நோயாளர்களை ஏற்பதற்கெனக் குறிக்கப்பட்டன.

இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன் 2006 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின்படி, பயிற்சி பெற்ற கால்நடை ஊழியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று மக்களுடன் அமர்ந்து பேசினர். அவர்கள் கையில் படிவத்துடன் கேள்வி கேட்டுத் திரும்பியவர்களல்லர். எந்த மாதத்தில் கோழிகள் சாகின்றன, எப்படிச் சாகின்றன, எந்த வியாபாரி எங்கிருந்து குஞ்சு கொண்டுவந்தார் என்பவற்றை மக்களின் வாயாலேயே கேட்டறிந்தனர். ஏறத்தாழ 2,000 பேர் இவ்வாறு பயிற்றப்பட்டனர். அவர்கள் போன இடமெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணிக்கை கூடியதைக் கண்டு வெளியுலகம் திகைத்தது. தேடியதால் கண்டார்கள் என்பதைச் சிலரே விளங்கிக்கொண்டனர்.

கிருமி மனிதரிடையே எளிதிற் பரவாமைக்கு ஒரு காரணம் உண்டு. உடலின் கலமொன்றினுள் நுழைய வேண்டுமாயின் இன்புளுவென்சாக் கிருமி முதலில் அக்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டவேண்டும். பறவைக் கிருமி ஒட்டுதற்கேற்ற இடம் எமது மூக்கிலும் தொண்டையிலும் அரிது. நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். எனவே அது உள்ளே போவது கடினம். போனால் நுரையீரலையே அழிக்கும். ஆனால் இருமலோடு எளிதில் வெளியேறி அடுத்தவரை அடையாது. இந்தோனேசியாவில் 2017 வரை நோயுற்றதாக உறுதிசெய்யப்பட்ட 200 பேரில் 168 பேர் மாண்டனர் என்பதைக் கொண்டு இதன் கொடூரத்தை வாசகர் உணரலாம். கிருமியின் அமைப்பில் ஏற்படக்கூடிய சில மாற்றங்கள் அந்தத் தடையை நீக்கிவிடக்கூடும் என்பதே விஞ்ஞானிகளின் அச்சம்.

மறந்துபோன ஆண்டு

பெருந்தொற்று என்பது அத்தீவுகளுக்குப் புதிதுமன்று. 1918இல் உலகை வாட்டிய இன்புளுவென்சா, ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த அந்நாட்டையும் தாக்கிற்று. ஜாவாவில் மட்டும் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் எனப் பிற்காலத்து மக்கட்தொகை ஆய்வொன்று கணித்தது. வேறு கணிப்புகள் இதனிற் குறைவானவை. இறந்தவரை எண்ணுவதற்குக் கூட அன்று ஆளில்லை. குடியேற்ற அரசு விழித்துக்கொண்டு இன்புளுவென்சாச் சட்டமொன்றை இயற்றியது 1920இல், அதாவது பிணங்கள் புதைக்கப்பட்ட பின்னர். அதே ஆண்டில் அரசின் பதிப்பகமான பலாய் புஸ்தகா ஜாவானிய மொழியில் ஒரு சிறு நூலை வெளியிட்டது. நிழற்பாவைக் கூத்தின் கோமாளிகளான செமாரும் அவனது பிள்ளைகளும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் அது. நோய் வந்தால் படுத்திரு, பிறர்மேல் இருமாதே, தூசியைத் தவிர் என்றவாறு அவர்கள் வாயிலாக மக்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது. மக்களின் மொழியிலும் மக்களின் பாத்திரங்களிலும் பேச வேண்டும் என்பதை ஒல்லாந்து அதிகாரி நூறாண்டுக்கு முன் அறிந்திருந்தமை வியப்பே.

2009இல் தேசிய ஆணைக்குழுவும் இந்தோனேசியப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களும் இந்த மறக்கப்பட்ட அழிவைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டனர். ஆயத்தம் என்பதில் ஞாபகமும் அடங்கும் என அவர்கள் கருதினர் போலும்.

கிருமி யாருக்குச் சொந்தம்?

இனி, இந்தோனேசியாவின் பெயரை உலக அரங்கில் ஒலிக்கச் செய்த விவகாரத்துக்கு வருவோம். நோயாளியிடமிருந்து எடுக்கப்படும் கிருமி மாதிரிகளை வறிய நாடுகள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வுகூட வலையமைப்புக்கு இலவசமாக அனுப்புவது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய வழக்கம். அங்கு கிருமியின் மாற்றங்கள் ஆராயப்படும். பின்னர் தடுப்பூசிக்கான வித்து தயாரிக்கப்பட்டு நிறுவனங்களுக்கு வழங்கப்படும். நிறுவனம் ஊசியைத் தயாரித்து, விலை கொடுக்கக்கூடிய நாட்டுக்கு விற்கும். கிருமியைக் கொடுத்த நாடும் வரிசையில் நின்று அதே விலைக்கு வாங்க வேண்டியதே, வரிசையின் கடைசியில்.

தமது நாட்டின் கிருமியிலிருந்து அவுஸ்திரேலிய நிறுவனமொன்று தடுப்பூசி தயாரித்துள்ளதை அறிந்த சுகாதார அமைச்சர் சித்தி பதிலா சுபாரி, இனி மாதிரிகளை அனுப்புவதில்லை என முடிவெடுத்தார். 2007இன் தொடக்கத்தில் இது பகிரங்கமாயிற்று. மேற்குலகில் பெரும் ஆத்திரம் எழுந்தது. உலகின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என அவர்மீது பழி சுமத்தப்பட்டது.

அவரது வாதம் நியாயமானது என்பதே எமது கருத்து. உலகின் பாதுகாப்பு எனும்போது எவருடைய உலகம் என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. ஆயினும் அவர் கையாண்ட வழி அபாயமற்றதன்று. கரோவில் நேர்ந்தது போன்ற இன்னொரு தொடர் அந்த மாதங்களில் தொடங்கியிருப்பின், கிருமி மாறிவிட்டதா என்பதை உலகம் காலந்தாழ்த்தியே அறிந்திருக்கும். முதலில் மாண்டிருப்பவர்கள் அவரது நாட்டு மக்களே. தமது மாதிரிகள் உயிரியல் ஆயுதமாகலாம் என அவர் பின்னர் கூறியவை அவரது நல்ல வாதத்தைப் பலவீனப்படுத்தின. ஏழையின் குறை கேட்கப்படுவதற்கு, கதவை அடைத்துவிடுவதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. 2011 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஒரு புதிய ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. அதன்படி வலையமைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டும். தொகை 2 கோடி 80 இலட்சம் அமெரிக்க டாலர் என வகுக்கப்பட்டது. பெருந்தொற்று வருமாயின் தயாரிப்பில் ஒரு பங்கை வறிய நாடுகளுக்கென உலக சுகாதார ஸ்தாபனம் பெற்றுக்கொள்ளும் வகையில் முன்கூட்டியே ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. ஒரு வறிய நாடு முரண்டு பிடித்ததால் பிறந்த ஒழுங்கு இது.

அமைச்சரின் கதை அத்துடன் முடியவில்லை. 2005இல் தொற்றுநோய் ஆயத்தத்துக்கென வாங்கப்பட்ட மருத்துவக் கருவிகளில் ஊழல் நடந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2017 ஜூனில் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தார்.

ஒத்திகையும் உண்மையும்

2008 ஏப்ரலில் பாலித் தீவின் ஜெம்பிரானா மாவட்டத்தில் மூன்று நாட்கள் ஒரு ஒத்திகை நடத்தப்பட்டது. கிராமவாசிகள் நோயாளிகளாக நடித்தனர். தெருக்கள் மூடப்பட்டன; மாத்திரைகள் வழங்கப்பட்டன. முதல் நோயாளர் கூட்டம் எங்கே தோன்றுகிறதோ அங்கேயே வளையமிட்டு, மருந்து கொடுத்து, நடமாட்டத்தைத் தடுத்தால் பெருந்தொற்றை முளையிலேயே கிள்ளலாம் என்ற எண்ணத்தின் அடிப்படையில் அமைந்த ஒத்திகை அது. அதற்கெனச் சுவிஸ் மருந்து நிறுவனமான றோஷ் 30 இலட்சம் பேருக்குப் போதுமான மாத்திரைகளை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அன்பளிப்பாக வழங்கியிருந்தது.

அடுத்த ஒத்திகை 2009 ஏப்ரல் இறுதியில் சுலாவெசித் தீவின் மக்காசர் நகரில் நடைபெற்றது. அதே நாட்களில் உண்மையான பெருந்தொற்று தொடங்கிவிட்டது. ஆனால் அது ஆசியாவின் கோழியிலிருந்து வரவில்லை. மெக்சிக்கோவில், பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1 கிருமியாக வெளிப்பட்டது. வளையமிட நேரமிருக்கவில்லை. ஜூன் 11ஆம் திகதி பெருந்தொற்று என அறிவிக்கப்பட்டது. நல்வாய்ப்பாக, அஞ்சியதைவிட அது மென்மையானதாக இருந்தது. தடுப்பூசியோ, அமைச்சர் சுபாரி சொன்னபடியே பங்கிடப்பட்டது. செல்வந்த நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து உற்பத்தியின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்டன. வறிய நாடுகளுக்கு அன்பளிப்பு ஊசிகள் வரத் தொடங்கியது 2010இல்தான்.

இவ்விடத்தில் நாம் எம்மை நோக்கியும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நாம் புகலிடம் பெற்று வாழும் நாடுகளிற் பல அந்த ஒப்பந்தங்களைச் செய்தவை. எமக்கு ஊசி போட அழைப்புக் கடிதம் வந்தபோது, ஊரிலுள்ள எமது பெற்றோருக்கு வந்ததா? அதே ஆண்டு ஒக்டோபரில், அவுஸ்திரேலியா நோக்கிச் சென்ற ஏறத்தாழ 250 தமிழர்களைக் கொண்ட படகு இந்தோனேசியக் கடற்படையால் மறிக்கப்பட்டு மெராக் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஆறு மாதங்கள் அவர்கள் அப்படகிலேயே நெருக்கியடித்து வாழ்ந்தனர். டிசம்பரில் ஒருவர் நோயுற்று மாண்டார். முதன்முதல் பறவைக் காய்ச்சல் மரணங்கள் நேர்ந்த தங்கெராங்கும் மெராக்கும் ஒரே மாகாணத்தில் உள்ளவை. இந்தோனேசியா அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. தேசியத் திட்டம் என்பது குடிமக்களை எண்ணிப் போடப்படுவது. எண்ணப்படாதவர் எந்தப் பட்டியலில் வருவார் என்பது ஒத்திகைகளில் இடம்பெறும் கேள்வியன்று. பின்னர் கொவிட் காலத்திலும், அந்நாட்டிலுள்ள அகதிகளுக்கு ஊசிக்கான வழி திறந்தது 2021இன் பிற்பகுதியில்தான்.

ஆயத்தங்களின் பின்கதை துயரமானது. தேசிய ஆணைக்குழுவின் காலம் 2010இல் முடிந்தது. விலங்குகளிலிருந்து பரவும் நோய்களுக்கென அதன் இடத்தில் அமைக்கப்பட்ட குழுவும் 2016இல், செலவைக் குறைக்கும் நோக்குடன் கலைக்கப்பட்ட அமைப்புக்களுள் ஒன்றாயிற்று. வெளிநாட்டு உதவிப் பணம் வற்றியதும் கிராமம் கிராமமாகச் சென்ற ஊழியர்களின் பணியும் சுருங்கியது. 2020 பெப்ரவரியில், அயல்நாடுகளெங்கும் கொவிட் பரவியிருக்க இந்தோனேசியாவில் மட்டும் ஏன் நோயாளர் இல்லை எனக் கேட்கப்பட்டபோது, பிரார்த்தனையே காரணம் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர். முதல் இரு நோயாளர்கள் மார்ச் 2ஆம் திகதி அறிவிக்கப்பட்டனர். 2021 ஜூலையில் நாளொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுக்குள்ளாகினர். ஜாவாவில் ஒட்சிசன் உருளைக்காக உறவினர் வரிசையில் நின்றனர்.

எனினும் எல்லாமே வீணாகிவிடவில்லை. 1890இல் தொடங்கப்பட்டு, இன்று பாண்டுங் நகரில் இயங்கிவரும் அரச தடுப்பூசி நிறுவனமான பயோ பார்மா, பறவைக் காய்ச்சல் அச்சத்தின்போது, 2007இல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவித்தொகை பெற்ற ஆறு வளர்முக நாட்டு நிறுவனங்களுள் ஒன்று. சொந்தமாக இன்புளுவென்சா ஊசி தயாரிக்கும் ஆற்றலை அது அப்போது வளர்த்துக்கொண்டது. 2021இல் சீனாவிலிருந்து மொத்தமாக வந்த கொவிட் தடுப்பு மருந்தைக் குப்பிகளில் அடைத்து நாட்டுக்கு வழங்கியது அதே நிறுவனம்தான்.

எச்5என்1 கிருமியும் ஓய்ந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் அது அமெரிக்காவின் கறவை மாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையொன்றை நிறைவேற்றியது. அதில், உற்பத்தியாகும் தடுப்பூசியிலும் மருந்திலும் ஐந்தில் ஒரு பங்கை உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு வழங்குவது எனவும், அதிற் பாதியேனும் இலவசமாக அமையும் எனவும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் கிருமியைக் கொடுப்பவருக்கும் ஊசியைச் செய்பவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் எவ்வாறு நடக்கும் என்பதைக் கூறவேண்டிய இணைப்பு மட்டும் அன்று எழுதி முடிக்கப்படவில்லை; பின்னர் பேசித் தீர்ப்பதென ஒத்திவைக்கப்பட்டது.